ஏற்காடு ஏத்தத்துல டைமிங் பிடுங்குது: 93 மேப், 95 பெட்ரோல், எங்க இடிக்குது?

மாங்கனி_டர்போ (சேலம், அஸ்தம்பட்டி)

எல்லாருக்கும் வணக்கம். வண்டி ஆக்டேவியா 1.8 டிஎஸ்ஐ (டர்போ பெட்ரோல்), ஏழு கியர் டிஎஸ்ஜி (ரெட்டை க்ளட்ச் ஆட்டோமேட்டிக்). பெங்களூர்ல ஒருத்தர்கிட்ட இருந்து வாங்குனது. அவர் ஏற்கெனவே ஸ்டேஜ் 1 ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டர்ல இருக்கற மேப்பை மாத்தி எழுதி பவர் ஏத்தறது) போட்டிருந்தார். அதுக்கான காகிதத்தையும் கொடுத்தார். அதுல “93 ஆக்டேன்” னு போட்டிருக்கு. நான் டேங்க்ல எக்ஸ்பி95 (95 ஆக்டேன் பெட்ரோல்) தவிர வேற எதுவும் ஊத்தறதில்ல.

சமதளத்துல வண்டி சும்மா பறக்குது. தோப்பூர் கணவாய் ஏறும்போதும் குறை சொல்ல முடியாது. பிரச்சனை ஏற்காட்டுல. கோரிமேடு தாண்டி அடிவாரத்துல நல்லாத்தான் கிளம்புது, எட்டாவது ஒன்பதாவது கொண்டை ஊசிக்கு மேல இழுவை செத்துப்போகுது. மிதிச்சா ஒரு நொடி யோசிச்சுட்டுத்தான் போகுது.

ஓபிடி கருவி போட்டு இன்ஜின் கம்ப்யூட்டர் காட்டற எண்களை லாக் எடுத்தேன். அடிவாரத்துல உள்ள போற காத்தோட சூடு 41 டிகிரி, டைமிங் திருத்தம் (பெட்ரோல் தாறுமாறா வெடிச்சுத் தட்டினா ப்ளக் பொறியை எத்தனை டிகிரி தாமதப்படுத்துதுங்கற எண்) சிலிண்டர் நாலும் பூஜ்யத்துல இருந்து -1.5 வரைக்கும். பன்னிரண்டாவது வளைவு தாண்டி மூணாவது கியர், 2400 ஆர்பிஎம், முக்கால் மிதி: சூடு 63 டிகிரி. டைமிங் திருத்தம் முதல் சிலிண்டர் -3, ரெண்டாவது -4.5, மூணாவது -3.75, நாலாவது -6.

93க்கு எழுதுன மேப்புக்கு 95 ஊத்தியும் ஏன் இப்படி?

சும்மா_ஓட்டு (ஓமலூர்)

ப்ளக் மாத்துங்க. இடைவெளி பெருசாகியிருக்கும்.

மாங்கனி_டர்போ

ப்ளக் புதுசு ப்ரோ. வாங்குன உடனே மாத்தியாச்சு, ஸ்டேஜ் 1க்குச் சொல்ற ஒரு படி குளிர்ச்சியான ப்ளக்தான். காயிலும் பாத்தாச்சு.

கருவிப்பெட்டி (கோவை)

தம்பி, ப்ளக்கை விடுங்க. எந்த 93?

இது குதர்க்கமான கேள்வி இல்ல. ஆக்டேனை, அதாவது பெட்ரோல் தட்டலை எவ்வளவு தாங்கும்ங்கறதை, அளக்க ஒரே ஒரு முறை கிடையாது. ஆர்ஓஎன் (ரிசர்ச் ஆக்டேன் நம்பர்) ஒண்ணு, எம்ஓஎன் (மோட்டார் ஆக்டேன் நம்பர்) ஒண்ணு. ரெண்டுக்கும் ஒத்தை சிலிண்டர் சோதனை இன்ஜின்தான். அதுல அமுக்க விகிதத்தை ஏத்தி இறக்கலாம். ஆர்ஓஎன் சோதனைல 600 ஆர்பிஎம், உள்ள போற காத்து சுமார் 52 டிகிரி. எம்ஓஎன் சோதனைல 900 ஆர்பிஎம், கலவையையே 149 டிகிரிக்குச் சூடாக்கி உள்ள விடுவாங்க. பாடு அதிகம், அதனால அதே பெட்ரோலுக்கு எம்ஓஎன் எண் எட்டு பத்து குறைவா வரும். ஐசோ ஆக்டேன் 100, ஹெப்டேன் 0, அந்த அளவுகோல் ரெண்டுக்கும் பொது.

இந்தியா, ஐரோப்பா, ஜப்பான் எல்லாம் பங்க்ல போடறது ஆர்ஓஎன். அமெரிக்காவுல ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்துப் போடறாங்க, அதுக்குப் பேரு ஏகேஐ. அவங்க பங்க்ல மஞ்சள் ஸ்டிக்கர்ல இருக்கற 93, நம்ம கணக்குல 97, 98. அவங்க 91 நம்ம 95, 96. அவங்க ஊர் சாதா பெட்ரோல் 87தான் நம்ம பழைய சாதா 91.

உங்க காகிதத்துல இருக்கறது அமெரிக்காக்காரன் எழுதுன ஃபைலா இருந்தா, நீங்க ரெண்டு எண் கூட ஊத்தல, ரெண்டு மூணு எண் குறைச்சு ஊத்திட்டு இருக்கீங்க.

நாலுகால்_பாய்ச்சல் (ஈரோடு)

இது எனக்கே இப்பத்தான் தெரியும். அப்ப வெளிநாட்டு வீடியோல “91ல ஓட்டறேன், ஒண்ணும் ஆகல” னு சொல்றதை நம்பி நம்ம ஊர்ல பண்றவங்க கதி?

கருவிப்பெட்டி

கதியா? கடைக்கு வருவாங்க. பிஸ்டன் வளையத்துக்கும் வளையத்துக்கும் நடுவுல இருக்கற மேடு ஒடைஞ்சு, ஒரு சிலிண்டர்ல அமுக்கம் இல்லாம. எல்லாரும் அப்படி ஆகறதில்ல, ஆகறவங்க எல்லாரும் சொல்றது ஒரே வசனம்: “நேத்து வரைக்கும் நல்லாத்தாண்ணே ஓடுச்சு”.

மாங்கனி_டர்போ

காகிதத்தை இப்பத் திரும்ப எடுத்துப் பாத்தேன். கம்பெனி அமெரிக்காதான். 93க்குப் பக்கத்துல பொடி எழுத்துல ஏகேஐ னு இருக்கு. சரி, புரியுது.

ஆனா ஒரு சந்தேகம். அப்படின்னா தோப்பூர் ஏத்தத்துலயும் பிடுங்கணுமே? அங்க -1.5, அதிகபட்சம் -2. ஏற்காட்டுல மட்டும் ஏன் -6?

காபித்தோட்டம் (ஏற்காடு)

நான் இந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவன். தம்பி சொல்றது எனக்குத் தலைகீழா இருக்கு. எங்க தோட்டத்துல பழைய பெட்ரோல் ஜிப்ஸி ஒண்ணு ஓடுச்சு. சேலத்துல வெயில்ல சுமை ஏத்தினா இன்ஜின்ல டிக் டிக்னு தட்டும். மேல வந்துட்டா அந்தச் சத்தமே இருக்காது. பெட்ரோல் அதே பெட்ரோல். மலைக்கு வந்தா இன்ஜினுக்கு ஆக்டேன் தேவை குறையும்னுதான் எங்களுக்குத் தெரியும்.

அப்புறம் கோடை விழா சமயத்துல லாக் எடுக்கறேன்னு வந்துடாதீங்க. முதல் கியர்ல ஊர்வலம்தான் போகும்.

கருவிப்பெட்டி

ஐயா சொல்றது நூத்துக்கு நூறு சரி, ஜிப்ஸிக்கு. டர்போ இல்லாத இன்ஜின் வெளிக்காத்து எவ்வளவு அழுத்தத்துல இருக்கோ அதைத்தான் இழுக்கும். சேலம் கடல்மட்டத்துல இருந்து முன்னூறு மீட்டருக்குக் கொஞ்சம் கம்மி, காத்தழுத்தம் 980 மில்லிபார் பக்கம். ஏற்காடு 1500 மீட்டர், அங்க 850 வாக்குல. சிலிண்டருக்குள்ள போற காத்து பதிமூணு சதம் குறைஞ்சா உச்ச அழுத்தமும் குறையும், தட்டலும் நிக்கும். அமெரிக்காவுல கொலராடோ பக்கம் மலை மாநிலங்கள்ல 85 ஏகேஐ னு ஒரு தரம் விக்கறதுக்கே இதுதான் காரணம். டென்வர் ஊரு கிட்டத்தட்ட ஏற்காடு உயரம்தான்.

டர்போ வண்டில கதை வேற. ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) கேக்கறது “வெளிய எவ்வளவோ அதுக்கு மேல ஒரு பார்” னு இல்ல, “மேனிஃபோல்டுல (சிலிண்டருக்குக் காத்து போற குழாய்ல) எனக்கு 2000 மில்லிபார் வேணும்” னு. சேலத்துல இருந்து அதைக் கொடுக்க டர்போ 2.04 மடங்கு அமுக்கணும். ஏற்காட்டுல அதே 2000க்கு 2.35 மடங்கு. அமுக்க அமுக்கக் காத்து சூடாகும். கம்ப்ரஸர் செயல்திறன் எழுபது சதம்னு வச்சுக் கணக்குப் போடுங்க. கீழ 35 டிகிரி காத்தை உள்ள விட்டா 135 டிகிரில வெளிய வரும். மேல 25 டிகிரிக் குளிர்காத்தை விட்டா 143ல வரும். மலைக்காத்தோட பத்து டிகிரிச் சலுகையை டர்போவே தின்னுட்டு மேல எட்டு டிகிரி கடனும் வைக்குது.

இது பாதிதான். மீதி பாதி இன்டர்கூலர், டர்போ சூடாக்குன காத்தைக் குளிர வைக்கறது. உங்க 1.8ல அது முன்னால ரேடியேட்டர் பக்கம் நிக்கற காத்துக்கூலர். தோப்பூர்ல 80ல ஏறும்போது முகத்துல காத்து அடிக்குது, குளிருது. ஏற்காட்டுல வளைவுக்கு வளைவு 20, 25க்கு இறங்கி, மறுபடி மிதிச்சு, மறுபடி பிரேக். பாடு முழுப்பாடு, காத்து கிடையாது. அதான் 41ல கிளம்புன சூடு 63க்கு வந்து நிக்குது. இருபது வளைவுல பாதி தாண்டும்போது ஆரம்பிக்கறதுன்னா, கூலர் சூட்டை வாங்கித் தேக்கி வச்சு நிரம்பறதுக்கு அவ்வளவு நேரம் ஆகுதுன்னு அர்த்தம்.

காபித்தோட்டம்

புரிஞ்சுது தம்பி. அப்ப எங்க ஜிப்ஸிக்கு மலை சுகம், உங்க டர்போவுக்கு மலை சுமை.

சும்மா_ஓட்டு

ஈசியூதான் டைமிங்கைக் குறைச்சுக் காப்பாத்துதே. அப்புறம் என்ன கவலை? நான் ரெண்டு வருஷமா லாக்கே பாக்காம ஓட்டறேன்.

நாக்_சென்சார் (சேலம், ஜாகீர் அம்மாபாளையம்)

காப்பாத்துது, ஆனா சும்மா இல்ல. நாக் சென்சார் தட்டலைக் கேட்ட பிறகுதான் டைமிங் இழுக்கும், அதாவது அடி விழுந்ததுக்கு அப்புறம். டைமிங் பின்னால போனா எரியறது தாமதமாகும், சூடு எக்ஸாஸ்ட் பக்கம் போகும். டர்போவும் கேட்டலிஸ்ட்டும் சுடாம இருக்க ஈசியூ கூடுதல் பெட்ரோலைக் கொட்டும். பவர் போச்சு, மைலேஜ் போச்சு, நீங்க ரீமேப்புக்குக் கொடுத்த காசும் அந்த ஏத்தத்துல போச்சு. -6ல ஓடற ஸ்டேஜ் 1, கம்பெனி மேப்பைவிட மெதுவாப் போனாலும் ஆச்சரியப்படாதீங்க.

இன்னொண்ணு. 1500ல இருந்து 2500 ஆர்பிஎம்முக்குள்ள முழு பூஸ்ட் (டர்போ அழுத்தம்) ஏத்தினா, ப்ளக் பொறி விடறதுக்கு முன்னாலயே தானா பத்திக்கற வியாதி ஒண்ணு நேரடி இன்ஜெக்‌ஷன் டர்போ இன்ஜின்களுக்கு உண்டு. அதுக்கு டைமிங்கைப் பின்னால தள்ளறது மருந்தே இல்ல, ஏன்னா பொறியைக் கேட்டு அது பத்தறதில்ல. டிஎஸ்ஜியை டி-ல விட்டு ஏறுனா அது பெட்ரோல் மிச்சம்னு மேல் கியருக்கு ஓடி, சரியா அந்த இடத்துலயே கொண்டுபோய் நிறுத்தும். மலைல எஸ்-ல (ஸ்போர்ட்) போடுங்க, இல்ல கையால ரெண்டாவது கியர்ல வச்சு 3000க்கு மேல வச்சுக்கோங்க. இதுக்குக் காசு செலவே இல்ல.

வெள்ளிக்கொலுசு (சேலம், செவ்வாய்ப்பேட்டை)

சாதா பெட்ரோலே இப்ப ஈ20 (இருபது சதம் எத்தனால் கலந்தது) ஆகி 95 ஆர்ஓஎன் வந்துடுச்சுன்னு சொல்றாங்களே. அப்ப எக்ஸ்பி95க்கு எதுக்குக் கூடக் காசு?

நாக்_சென்சார்

நல்ல கேள்வி. 2025 ஆகஸ்ட்ல பெட்ரோலிய அமைச்சகம் கொடுத்த விளக்கத்துல இந்தக் கணக்கு இருக்கு: பிஎஸ்2 (பாரத் ஸ்டேஜ் புகை விதி) காலத்துல 88, பிஎஸ்6ல 91, ஈ20 வந்ததும் 95. தூய எத்தனாலோட ஆக்டேன் 108க்கு மேல. அதைக் கலந்தா எண் ஏறத்தான் செய்யும். டர்போ நேரடி இன்ஜெக்‌ஷனுக்கு இன்னொரு லாபமும் இருக்கு. எத்தனால் ஆவியாக உறிஞ்சற சூடு பெட்ரோலைவிட ரெண்டு மடங்குக்கு மேல, சிலிண்டருக்குள்ள தெளிக்கும்போது அங்கயே குளிரும். தட்டலை எதிர்க்கறதுல காகிதத்துல இருக்கற எண்ணைவிட நடைமுறைல கொஞ்சம் நல்லாவே இருக்கும்.

விலை எங்கன்னா, எரியறதுக்கான காத்து விகிதத்துல. பெட்ரோல் ஒரு கிலோவுக்குக் காத்து 14.7 கிலோ, எத்தனாலுக்கு 9, ஈ20க்கு சுமார் 13.5. அதே காத்துக்கு எட்டு ஒன்பது சதம் கூடுதல் எரிபொருள் தெளிக்கணும். கம்பெனி மேப்ல ஈசியூ ட்ரிம் (தெளிக்கற பெட்ரோல் அளவுல திருத்தம்) போட்டுச் சமாளிச்சுக்கும். ஸ்டேஜ் 1ல ஹை பிரஷர் பம்ப் ஏற்கெனவே எல்லைகிட்ட ஓடிட்டு இருந்தா அங்க முட்டும். அதனால லாக்ல டைமிங்கை மட்டும் பாக்காதீங்க. ரெயில் பிரஷர் (இன்ஜெக்டருக்குப் போற பெட்ரோல் அழுத்தம்) ஈசியூ கேட்டதுக்கும் கிடைச்சதுக்கும் உள்ள வித்தியாசம், லாங் டெர்ம் ட்ரிம், ரெண்டையும் சேத்துப் பாருங்க. ரெயில் பிரஷர் மேல் ஆர்பிஎம்ல விழுந்தா மிதியை உடனே விடணும்.

மேப் எழுதறவர்கிட்ட “95” னு மட்டும் சொல்லாதீங்க. “95, ஈ20” னு சொல்லுங்க. ஜெர்மனிக்காரன் எழுதுன 95க்கும் நம்ம 95க்கும் நடுவுல அந்த எத்தனால் நிக்குது. ஏற்கெனவே பழைய வண்டியா இருந்தா ரப்பர் குழாய், சீல் எல்லாம் தாங்குமான்னு தனியா பாக்கணும், அது வேற இழைக்கான சண்டை.

வேகத்தடை (நாமக்கல்)

ஆக்டேன் பூஸ்டர் பாட்டில் ஊத்துனா முடிஞ்சது. “30 பாயின்ட் ஏறும்” னு போட்டிருக்கான்.

கருவிப்பெட்டி

அவன் சொல்ற ஒரு பாயின்ட் 0.1 ஆக்டேன். 30 பாயின்ட்னா 95 போய் 98 ஆகும், அதுவும் பாட்டில் சொல்ற டேங்க் அளவுக்குள்ள இருந்தா. பல பாட்டில்ல இருக்கறது மாங்கனீஸ் சரக்கு, ஒரு தடவை ரெண்டு தடவைக்குப் பரவால்ல. வழக்கமா ஊத்துனா ப்ளக் மூக்குல செங்கல் நிறத்துல படியும், அதே படிவு ஆக்ஸிஜன் சென்சார்லயும் உக்காரும். ப்ளக்கைக் கழட்டிப் பாத்தாலே தெரியும் யார் ஊத்தறாங்கன்னு.

அந்தக் காலத்துல இதே வேலையை ஈயம் பண்ணுச்சு. 2000 பிப்ரவரியோட நாடு முழுக்க ஈயப் பெட்ரோல் நின்னுது, நல்லதுக்குத்தான்.

நாலுகால்_பாய்ச்சல்

அப்ப எக்ஸ்பி100 (100 ஆக்டேன் பெட்ரோல்)? பாதி டேங்க் அதையும் பாதி 95ஐயும் கலந்தா 97.5. 93 ஏகேஐ மேப்புக்கு அப்படியே பொருந்துதே!

கருவிப்பெட்டி

கணக்கு கிட்டத்தட்ட சரி. அதுல எத்தனால் கலக்கறதில்ல, இதுல இருக்கு. அதனால நேர்கோட்டுக் கணக்கு கொஞ்சம் முன்னப்பின்ன வரும், பெரிய தப்பு வராது. ஆனா யோசிங்க. சாதாவைவிட லிட்டருக்கு ஐம்பது ரூபாய்க்கு மேல கூட. எல்லா பங்க்லயும் கிடைக்காது. கிடைக்கற பங்க்லயும் “ஸ்டாக் இல்ல சார், நாளைக்கு வாங்க” உண்டு. பெங்களூர்ல இருந்து நடுராத்திரி வரும்போது கிருஷ்ணகிரில டேங்க் காலியானா என்ன ஊத்துவீங்க? கிடைச்சதைத்தான். அப்படி ஊத்தின ராத்திரில மேப் எழுதுனவன் வந்து பக்கத்துல உக்கார மாட்டான்.

என் கடைக்கு வர்றவங்ககிட்ட நான் கேக்கற முதல் கேள்வி “எவ்வளவு பவர் வேணும்” இல்ல. “உங்க வழில, உங்களுக்குப் பழக்கமான பங்க்ல, மாசம் முப்பது நாளும் கிடைக்கற மட்டமான பெட்ரோல் எது?” அதுக்கு மேப் எழுதணும். மிச்சம் இருந்தா பாதுகாப்புக்கு விடணும். 100க்கு எழுதி 95 ஊத்தறவன் காட்டற பவர், டைனோ (பவர் அளக்கற மெஷின்) தாள்ல மட்டும் இருக்கற பவர்.

ட்ராக்_டே_தமிழ் (கோவை)

அண்ணா, இதுல நான் ஒத்துப்போகல. என் வண்டில ரெண்டு மேப். கையடக்கக் கருவி வச்சு பத்து நிமிஷத்துல மாத்திடுவேன். செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேல ட்ராக் டே இருக்கும்போது 100 ஊத்தி 100 மேப். வீட்டுக்குத் திரும்பும்போது 95 மேப். 95க்கு மட்டும் எழுதிட்டா ட்ராக்ல நாலாவது லேப்ல எனக்கு எதுவும் மிச்சமில்ல.

கருவிப்பெட்டி

உங்களை மாதிரி ஒழுங்கா மாத்தறவருக்கு அது சரிதான். ஆனா வரிசையைக் கவனிங்க: முதல்ல பெட்ரோல் காலியாகி 100 நிரம்பணும், பிறகு மேப். திரும்பும்போது முதல்ல மேப், பிறகு 95. இந்த வரிசையைத் தலைகீழாப் பண்றவங்களைத்தான் நான் அதிகம் பாக்கறேன். டேங்க்ல பதினைஞ்சு லிட்டர் பழைய 95 கிடக்க, மேல இருபது லிட்டர் 100 ஊத்திட்டு “100 மேப்” னு கிளம்பினா உள்ள இருக்கறது 98தான்.

மாங்கனி_டர்போ

ட்ராக் பக்கமே போகாதவன் நான். சனிக்கிழமை மேல போய் லேடீஸ் சீட்ல நின்னு கீழ சேலம் விளக்கைப் பாத்துட்டு, இறங்கி வந்து தட்டுவடை செட் சாப்பிட்டு வீட்டுக்குப் போறவன். எனக்கு 95 ஈ20 மேப்தான்.

டிஎஸ்ஜி_தாத்தா (திருச்செங்கோடு)

யாருமே கியர்பாக்ஸைப் பேசலையே. உங்க 1.8ல இருக்கற ஏழு கியர் பெட்டி உலர் க்ளட்ச், அது தாங்கற டார்க்கே (திருகுவிசை) 250 நியூட்டன் மீட்டர். கம்பெனி இன்ஜினையும் 250லயே கட்டி வச்சது அதுக்காகத்தான். ஸ்டேஜ் 1 போட்டா 300ஐத் தாண்டறது சாதாரணம். கொண்டை ஊசி வளைவுல ஊர்ந்து ஊர்ந்து ஏறறது உலர் க்ளட்சுக்கு ஏற்கெனவே எமன். புது மேப் எழுதச் சொல்லும்போது கீழ் ஆர்பிஎம் டார்க்கைக் குறைச்சு எழுதச் சொல்லுங்க. தட்டலும் குறையும், க்ளட்சும் நிக்கும். ஒரே கல்லுல ரெண்டு மாங்கா, சேலத்துக்காரருக்குச் சொல்லணுமா என்ன.

நெறியாளர்

ஒரு வார்த்தை. ஏற்காடு சாலைல பஸ் வருது, தோட்டத்து வேலைக்குப் போறவங்க நடந்து வர்றாங்க, குரங்குக் கூட்டம் குறுக்க ஓடுது. லாக்குக்காக அங்க முழு மிதி மிதிக்காதீங்க. சாதாரணமா ஏறுனாலே போதுமான தகவல் கிடைக்கும். முழு மிதி வேணும்னா டைனோ இருக்கு, ட்ராக் இருக்கு.

மாங்கனி_டர்போ

புது மேப் போட்டாச்சு. 95 ஆர்ஓஎன், ஈ20, 3000க்குக் கீழ டார்க் அடக்கி வாசிக்குது. பழைய பங்க், பழைய பெட்ரோல். பன்னிரண்டாவது வளைவுக்கு மேல, காத்துச் சூடு 60, மூணு சிலிண்டர் பூஜ்யம், நாலாவது மட்டும் -1.5. ரெயில் பிரஷர் கேட்டது கிடைக்குது. ட்ரிம் +2.

நெடுஞ்சாலைல 4500க்கு மேல அந்தப் பழைய உதை கொஞ்சம் கம்மிதான், பொய் சொல்ல மாட்டேன். மலைல ஆனா அடிவாரத்துல எப்படி இழுக்குதோ இருபதாவது வளைவுலயும் அப்படியே இழுக்குது.

கருவிப்பெட்டி

நாலாவது சிலிண்டர்ல மட்டும் -1.5 நின்னா பயம் வேண்டாம். அடுத்த சர்வீஸ்ல அந்த ப்ளக்கை மட்டும் கழட்டி நிறம் பாருங்க. இன்டர்கூலர் பெருசு போட்டா 60 இன்னும் இறங்கும். ஆனா உங்க ஓட்டத்துக்கு அவசியம்னு சொல்ல மாட்டேன்.

வெள்ளிக்கொலுசு

என்னோடது விர்ட்டஸ் 1.0 டிஎஸ்ஐ. இதுக்கும் இதே கதையா?

நாக்_சென்சார்

பெட்ரோல் விஷயம் அதேதான். கூலர் விஷயம் வேற. உங்க இன்ஜின்ல இன்டர்கூலர் இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளயே, தண்ணியால குளிரறது. வளைவுல வேகம் குறைஞ்சாலும் தண்ணி தனிப் பம்புல சுத்திட்டே இருக்கும், அதனால சூடு இவர் வண்டில மாதிரி சட்டுனு ஏறாது. ஆனா ஒரு தடவை அந்தத் தண்ணி சூடாகிட்டா இறங்கவும் நேரமாகும். ஸ்டேஜ் 1 போடறதுக்கு முன்னாடி, கம்பெனி மேப்லயே ஏற்காட்டுக்கு ஒரு தடவை ஏறி லாக் எடுத்து இங்க போடுங்க.